இடது பக்கம் வைத்துத் தைத்த குழாய்

முதலில் நான் செய்து முடித்தவற்றைச் சொல்லிவிடுகிறேன். கோத்தா கோலா மூடாவில் மீன்காரர்களுக்கு ஐஸ் போடும் பெக்டரியில் கட்டி இழுக்கும் கூலியாகச் சேர்ந்து, நாலே வருடத்தில் அந்தப் பெக்டரியின் கம்ப்ரசரை ஒற்றை ஆளாகப் பிரித்துச் சேர்த்தவன் நான். லோரிப் பலகையும் மரத்தூளும் வைத்து நான் அடித்துக் கொடுத்த பெட்டியில் மூன்று நாள் மீன் கெடாமல் கிடந்தது. மெர்போக் பக்கம் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில், இனி உதவாது என்று வெளியே தள்ளிய மண்ணெண்ணெய் ஃபிரிட்ஜை ஒரு பகல் முழுக்கத் தலைகீழாக நிறுத்தி வைத்து, நிமிர்த்திப் பற்றவைத்து, மறுபடி ஓட வைத்தேன். ஜித்ராவில் ஒரு துணிக்கடைக்கு ஏர்கோன் மாட்டினேன். அந்த வரிசையில் வேறு எந்தக் கடைக்கும் அப்போது ஏர்கோன் கிடையாது. சுங்கை பட்டாணியில் சொந்தக் கடை. சொந்த வீடு. மூன்று பெண்களையும் படிக்க வைத்தேன், மூத்தவள் இன்று கோர்ட்டில் நின்று வாதாடுகிறாள். இத்தனைக்கும் என் படிப்பு தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் அம்மாவோடு ரப்பர் பால் வெட்ட வெட்டுமரத்துக்குப் போய்விட்டேன்.

இதில் எதையும் நான் செய்யவில்லை என்று ஒருவரும் சொன்னதில்லை. செய்த வேலைகளில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

எண்பதுகளின் நடுவில், வீட்டுக்குள் ஒரு பெட்டி, வெளியே ஒரு பெட்டி என்று இரண்டாகப் பிரிந்த ஏர்கோன் எங்கள் ஊருக்குள் வரத் தொடங்கிய நேரம். யாழ்ப்பாணத்துக்காரர்கள் வரிசையாக வீடு கட்டியிருந்த ஒரு தெருவில், ஓய்வு பெற்ற பெரிய கிராணி, அதாவது தலைமைக் குமாஸ்தா, ஒருவர் இருந்தார். என் அப்பா பால்மரம் வெட்டிய தோட்டத்தின் ஆபீசை ஆண்டவர் அவர்தான். விடிவதற்கு முன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பேரேட்டைப் பிரித்தால், அப்பா தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்வார். எங்கள் சர்ச்சில் அவர்கள் ஏழு மணி இங்கிலீஷ் ஆராதனைக்கு வந்து போவார்கள், நாங்கள் ஒன்பது மணித் தமிழ் ஆராதனைக்குப் போவோம். அவர்கள் கார் வெளியே வரும்போது எங்கள் சைக்கிள் உள்ளே போகும். உறவு அவ்வளவுதான்.

அவருடைய மகள் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். அவள் புருஷன் இஞ்சினியர். பிள்ளைக்கு வேர்க்குரு வரக் கூடாதென்று, மனைவி படுத்திருந்த அறைக்கு அந்தப் புது ஏர்கோனை வாங்கி, பினாங்கிலிருந்து கம்பெனி ஆட்களை வரவழைத்து மாட்டியிருந்தார். மாட்டி மூன்று வாரத்தில் குளிர் போய்விட்டது. கம்பெனி ஆட்கள் வந்து கேஸ் போட்டார்கள். பத்து நாளில் மறுபடி போய்விட்டது. மறுபடி வந்து போட்டார்கள். மூன்றாவது தடவை பெட்டிக்குள் ஐஸ் பிடித்து, உருகி, தொட்டிலுக்குப் பக்கத்திலேயே தண்ணீர் கொட்டியது. கம்பெனிக்காரன் வர ஒரு வாரம் ஆகும் என்றதால் என்னைக் கூப்பிட்டார்கள்.

கிராணி வாசலில் சாய்வு நாற்காலியில் இருந்தார்.

"நீர் ஆருடைய மகன்?"

அப்பாவின் பெயரையும் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து வீட்டு நம்பரையும் சொன்னேன்.

"ஓ, அவன்ட மகனோ. அவன் ஒருநாளும் பெரட்டுக்கு நேரத்துக்கு வந்ததில்லையே."

"இப்ப ஐயா வீட்டு மெஷின்தானுங்களே நேரத்துக்கு வர மாட்டேங்குது" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "போய்ப் பாரும்" என்றார். அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். கடை வைத்து, வேன் வாங்கின பிறகும் நாக்குக்குப் பழைய வழக்கம் போகவில்லை.

மருமகன் என்னை அறைக்குக் கூட்டிப் போனார். பிள்ளையை வேறு அறைக்கு எடுத்துப் போயிருந்தார்கள். "கம்ப்ரசர் வீக் ஆயிடுச்சு. அதை மாத்தணும்னு நெனைக்கிறேன்" என்றார். நான் பைப்பைத் தொட்டேன். இந்த ஏர்கோனில் உள்பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் நடுவே இரண்டு செம்புப் பைப்புகள் ஓடும், ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது. கேஸ் குறைந்தால் உள்பெட்டிக்குள் சுருண்டு கிடக்கும் பைப்பு, காயில் என்போம், ஆரம்பிக்கிற இடத்தில் மட்டும் ஐஸ் பிடிக்கும். மிச்சமெல்லாம் காய்ந்து சூடாகக் கிடக்கும். இங்கே காயில் முழுவதும் வெள்ளை. தடித்த பைப்பும் சுவரைத் தாண்டி வெளியே கம்ப்ரசர் கழுத்து வரைக்கும் வெள்ளை. உள்ளே குளிர் ஏராளமாக இருக்கிறது, அதை எடுத்துப் போகக் காற்று வரவில்லை என்று அர்த்தம். இதை எனக்கு ஒரு புத்தகமும் சொல்லவில்லை. ஐஸ் பெக்டரியில் சீன மெக்கானிக் முதல் மூன்று வருடம் என்னை மெஷின் பக்கமே சேர்த்ததில்லை. தூர நின்று பைப்பைப் பார்த்துப் பார்த்து நானாகத் தெரிந்துகொண்டேன். கம்பெனி ஆட்கள் அழுத்தம் காட்டும் கேஜில் முள் இறங்கியிருப்பதை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு தரம் கேஸை ஏற்றியிருக்கிறார்கள். காற்று அடைத்தாலும் முள் இறங்கும் என்று யோசிக்கவில்லை.

முன்மூடியைத் திறந்தேன். ஃபில்டர் சுத்தமாக இருந்தது, கம்பெனிக்காரர்கள் கழுவியிருந்தார்கள். அதற்குப் பின்னால் காயிலின் மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும், சீப்புப் பல் மாதிரி. ஐஸ் உருகும் வரை காத்திருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். தகடுகளுக்கு நடுவே பழுப்பாக, பிசுபிசுவென்று ஒரு படை. விரலில் எடுத்து மோந்து பார்த்தேன்.

சாம்பிராணி.

பினாங்கிலிருந்து வந்த அந்த இரண்டு பேரும் நல்ல வேலைக்காரர்களாகவே இருக்கலாம். அவர்கள் மூக்குக்கு அது என்னவென்று தெரிய வழியில்லை. என் மூன்று பிள்ளைகளும் பிறந்தபோது என் வீட்டிலும் அதே வாசம்தான். குளிப்பாட்டின பிள்ளையைப் புகையில் காட்டி ஈரத்தலையைக் காய வைப்பார்கள், பெற்றவளுக்கும் கூந்தலை விரித்துப் புகை போடுவார்கள். லயத்து வீட்டில் புகை கூரை இடுக்கு வழியாகப் போய்விடும். இங்கே காலையும் மாலையும் ஜன்னலைச் சாத்தி, கதவைச் சாத்தி, புகை அறை நிறைய நிற்க வைத்து, கையோடு ஏர்கோனையும் போட்டிருக்கிறார்கள். மெஷின் அதே அறையின் காற்றைத்தான் திரும்பத் திரும்ப இழுக்கும். இழுத்த புகையெல்லாம் ஈரக் காயிலில் போய் ஒட்டிக்கொண்டது.

கண்டுபிடித்த சந்தோஷத்தில் நான் ஒரு தப்புச் செய்தேன். எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

கிராணி வீட்டம்மா புகைச்சட்டியோடு வாசற்படியில் நின்றார். "என்ன சொல்லுறீர்? நாலு பிள்ளையளை இந்தப் புகையில் வளர்த்தனான். ஒண்டுக்கும் ஒரு சளி வருத்தமும் வரேல்லை. இப்ப ஒரு மெசினுக்கு வருத்தம் வந்திட்டுதாமோ!"

"புள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுங்கம்மா. மெஷினுக்குத்தான் மூச்சு அடைக்குது."

"விசர்க் கதை. மெசின் பழுதாப் போனா மெசினைத் திருத்தும். என்ட வீட்டில் என்ன செய்யிறது எண்டு நீர் சொல்லித் தர வேண்டாம்."

கிராணி வாசலில் இருந்தபடியே சொன்னார்: "தோட்டத்து ஆக்களைக் கூப்பிட்டா இப்படித்தான். கதை கூட, வேலை குறைவு."

மருமகனைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாமானை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள், நான் கை வைத்த பிறகுதான் அந்த மெஷின் மோசமானது என்று தெரு முழுக்கப் பேச்சு. அந்தத் தெருவில் நான் ஃபிரிட்ஜ் பார்த்துக்கொண்டிருந்த வீடுகள் ஒவ்வொன்றாக என்னைக் கூப்பிடுவதை நிறுத்தின.

ஒரு வாரம் கழித்து மருமகன் தனியாகக் கடைக்கு வந்தார். கம்பெனி ஆட்கள் வந்து மூன்றாவது முறையும் கேஸ் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். மறுநாளே ஐஸ்.

"அண்ணே, நீங்க சொன்னதுதான் சரி. நானும் மோந்து பார்த்துட்டேன்லா. ஆனா மாமி முன்னால எப்படிச் சொல்றது? சனிக்கிழமை எல்லாரும் ஜித்ராவுக்குக் கல்யாணத்துக்குப் போறாங்க. நாப்பது நாள் முடிஞ்சிட்டதால புள்ளையும் போகுது. எனக்கு ஆபீஸ் வேலை இருக்குன்னு நான் நின்னுடுறேன். நீங்க வந்து செஞ்சு கொடுத்துடுங்க அண்ணே."

அந்த ஐந்து நிமிஷத்தில் எத்தனை அண்ணே! எனக்கு அந்தத் தெருவில் என் பெயர் திரும்ப வேண்டும். அதற்காக ஒத்துக்கொண்டேன்.

பெட்டியைச் சுவரிலிருந்து கழற்றினால் பைப்பை அவிழ்க்க வேண்டும், கேஸ் போய்விடும், சுவர்ச் சுண்ணாம்பு உதிரும், வீட்டம்மாவுக்குத் தெரிந்துவிடும். மாட்டியபடியே கழுவ வேண்டும். அப்படிக் கழுவி எங்கள் ஊரில் நான் பார்த்ததும் இல்லை, கேட்டதும் இல்லை. இரண்டு நாள் யோசித்தேன். என் அக்கா இருபது வருடம் தோட்டத்தில் முதுகில் பம்பு சுமந்து புல்லுக்கு மருந்தடித்தவள். பால்மரக் கன்றின் இலையில் ஒரு துளி படாமல் அதன் காலடிப் புல்லை மட்டும் நனைப்பாள். அது நினைவுக்கு வந்தது. மருந்தே படாத புதுப் பம்பு ஒன்று வாங்கி, மூக்கைத் திருகித் திருகித் தகடு மடங்காத அளவுக்குத் தண்ணீரை மெலிதாக்கினேன். வடிகிற தண்ணீர் சுவரில் படாமல் இருக்க ஒரு பை வேண்டும். கடைத் தரையில் சாக்பீஸால் அதன் அளவை வரைந்தேன். மேலே அகலம், கீழே குறுகல், ஓரத்தில் கயிறு கோக்க மடிப்பு, அடியில் தண்ணீர் இறங்க ஒரு குழாய். பந்தலுக்குக் கட்டும் பிளாஸ்டிக் துணியை என் மனைவி தையல் மிஷினில் தைத்தாள். தையல் ஓட்டைகளைச் சைக்கிள் டியூபுக்குப் பூசும் பசையால் அடைத்தேன். குழாயும் சைக்கிள் டியூப்தான்.

அந்தக் குழாயை நான் பையின் இடது பக்கத்தில் வைத்தேன். அந்த ஏர்கோனின் தண்ணீர் வடிகிற பைப்பு வலது பக்கம் இருந்தது. குளியலறையும் வலது பக்கம். யாராக இருந்தாலும் பையின் குழாயை வலது பக்கம்தான் வைப்பார்கள். ஆனால் அதற்கு நேர் கீழே வீட்டம்மாவின் சீதனக் கண்ணாடி அலமாரி நின்றது. நாலு பேர் தூக்க வேண்டிய கனம், தட்டு நிறையப் பீங்கான். ஒரு அங்குலம் நகர்த்தினாலும் தரையில் கோடு விழும், அவர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் வாளியை இடது பக்கம், கட்டில் ஓரத்தில் வைக்க வேண்டி வந்தது. வேறு காரணம் கிடையாது.

வெள்ளிக்கிழமை மருமகன் நேரம் சொல்ல வந்தபோது தரையில் இருந்த படத்தைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். சட்டைப் பையிலிருந்து சின்ன நோட்டை எடுத்து வரைந்துகொண்டார். "சும்மா, ஒரு இன்டரஸ்ட்" என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. படித்த இஞ்சினியர் என் கோட்டைப் பார்த்துப் படம் போடுகிறாரே!

சனிக்கிழமை அவர்கள் கார் போனதும் உள்ளே போனேன். மெயின் சுவிட்சை அணைத்தேன். முதலில் சவர்க்காரத் தண்ணீரைத் துணியில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். அந்தப் பிசின் அசையவில்லை. சாம்பிராணி மரத்துப் பால்தானே, தண்ணீருக்கு மசியாது. ஆஸ்பத்திரியில் ஊசி போடுமுன் தடவும் ஸ்பிரிட்டைத் தொட்டேன், துணி பழுப்பானது. ஜன்னல்களை எல்லாம் திறந்து, சமையலறை அடுப்பு வரை அணைக்கச் சொல்லிவிட்டு, மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் தகட்டின் போக்கிலேயே மேலிருந்து கீழாக ஸ்பிரிட்டைப் பூசினேன். பிசின் இளகியதும் பையைக் கட்டி, சவர்க்காரத் தண்ணீரைப் பம்பில் அடித்தேன். பிறகு நல்ல தண்ணீர். வாளியில் இறங்கிய தண்ணீர் காப்பி நிறம். நான்கு வாளி. ஐந்தாவது வாளி தெளிந்தது. சுவரில் ஒரு சொட்டு ஈரம் இல்லை.

இவ்வளவு நேரமும் இஞ்சினியர் என்ன செய்தார்? டார்ச் பிடித்தார். "ஏன் ஸ்பிரிட்? ஏன் கீழ்ப்பக்கமா?" என்று கேட்டார். எழுதிக்கொண்டார்.

காய வைத்து மெஷினைப் போட்டதும் குளிர் வந்தது. ஆனால் வேலை முடியவில்லை. மூன்று தரம் ஏற்றின கேஸ் உள்ளே இருந்தது. காற்று திறந்துவிட்டதால் இப்போது அது அதிகம். கம்ப்ரசர் முக்கிக்கொண்டு ஓடியது. வெளியே போய் கேஜை மாட்டி, கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிட்டேன். அந்தக் காலத்தில் கேஸைக் காற்றில் விடுவது தப்பென்று எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. தடித்த பைப்பு வேர்க்க வேண்டும், வெளுக்கக் கூடாது. அது வேர்க்கத் தொடங்கிய நேரம் பார்த்துக் கார் வந்து நின்றது. கல்யாண வீட்டில் சாப்பாடு சரியில்லை என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்கள்.

கிராணி இறங்கியதும் என்னைத்தான் பார்த்தார். "இவர் ஏன் இங்க?"

மருமகன் கதவுக்கு வந்தார். ஈரமில்லாத சட்டை, கையில் டார்ச்.

"ஏணி பிடிக்க ஒரு ஆள் தேவைப்பட்டுச்சு மாமா."

உள்ளே போனவர்கள் குளிரில் நின்று ஆச்சரியப்பட்டது ஜன்னல் வழியாகக் கேட்டது. வீட்டம்மாவின் குரல்தான் பெரிதாக இருந்தது: "பாருங்கோ, கம்பெனிக்காரராலேயே ஏலாததை மாப்பிள்ளை ஒரு நாளில் செய்திட்டார். அந்த ஆள் புகையைக் குற்றம் சொல்லிக்கொண்டு நிண்டது!" மருமகன் மெதுவாகச் சொன்னார்: "மாமி, இனிமே பின் வராந்தாவில புகை போடுங்க. புள்ளைக்கு அதுதான் நல்லதுன்னு டாக்டர் சொன்னாரு." உடனே, "அதுக்கென்ன, செய்யலாம்" என்றார் அம்மா. நான் சொன்னபோது விசர்க் கதை, பைத்தியக்காரப் பேச்சாக இருந்ததுதான், மருமகன் வாயில் டாக்டர் சொன்னதாகிவிட்டது.

நான் ஒரு ஸ்பேனரால் ஒரே நட்டைத் திரும்பத் திரும்ப இறுக்கிக்கொண்டிருந்தேன். பையையும் பம்பையும் வேனில் ஏற்றும்போது மருமகன் கேட் வரைக்கும் வந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க அண்ணே. இப்ப சொன்னா வீட்டுல சண்டை வரும். கொஞ்ச நாள் போகட்டும், நானே எல்லார்கிட்டயும் சொல்றேன். சத்தியமா."

வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னேன். "அங்கேயே வாயைத் தொறந்திருக்கலாமில்ல? ஐஸ் பெக்டரிக் கதையை மட்டும் ஊரெல்லாம் சொல்றீங்க" என்றாள். அவளுக்கு நான் என்ன சொல்ல? ஏணி பிடித்தவன் என்று ஒருவர் சொன்ன பிறகு, இல்லை நான்தான் எல்லாம் என்று முற்றத்தில் நின்று கத்தினால், கிராணி வீட்டில் அதையும் தோட்டத்துக் குணம் என்றுதான் எழுதிக்கொள்வார்கள்.

இரண்டு வருடத்தில் அந்த இஞ்சினியர் வேலையை விட்டு ஏர்கோன் கம்பெனி தொடங்கினார். சுவரிலேயே வைத்துக் கழுவித் தருவோம் என்பதுதான் அவர் போர்டில் முதல் வரி. என்னை விலக்கி வைத்த அந்தத் தெரு வீடுகளில் முதலில் கழுவினார். அவர் ஆட்கள் முதுகில் பம்போடும் கையில் பையோடும் என் கடையைத் தாண்டிப் போவார்கள். கேட்டவர்களிடமெல்லாம் நான் உண்மையைச் சொன்னேன். "உங்களுக்குப் பொறாமை அண்ணே" என்று சிரித்தார்கள். கிராணியும் போய்ச் சேர்ந்தார், அம்மாவும் போய்ச் சேர்ந்தார். சண்டை வரும் என்று மருமகன் பயந்த வீடே இப்போது இல்லை. சத்தியம் மட்டும் அப்படியே நிற்கிறது.

சென்ற வருடம் சர்ச் மண்டபத்தில் அந்தக் கம்பெனியின் ஆண்டு விருந்து. என்னையும் அழைத்திருந்தார்கள். சமையற்கட்டு ஓரத்தில் ஒரு மேசை. ஆளுக்கு ஒரு புத்தகம் கொடுத்தார்கள், கம்பெனி வளர்ந்த கதை. எனக்கு இங்கிலீஷ் வராது. மூத்த மகள் பக்கத்தில் உட்கார்ந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தாள். ஒரு பக்கத்தில் அவள் குரல் தணிந்தது. தன் மாமனார் வீட்டில், தன் குழந்தை படுத்திருந்த அறையில், யாருடைய உதவியும் இல்லாமல் நிறுவனர் இந்த முறையைத் தானே கண்டுபிடித்தார் என்று போட்டிருந்தது. கீழே படம். என் கடைத் தரையில் நான் சாக்பீஸால் போட்ட அதே பை, மடிப்பு, கயிறு. குழாய் இடது பக்கம்.

பரிமாறிக்கொண்டிருந்த கம்பெனிப் பையன்களில் மூத்தவனைக் கூப்பிட்டுக் கேட்டேன். "தம்பி, இந்தக் குழாய் ஏன் இடது பக்கம் இருக்கு? முக்கால்வாசி வீட்டுல தண்ணி பைப்பு வலது பக்கம்தானே?"

"ஆமா அங்கிள், எங்களுக்கும் அது சூசாதான், பெரிய தொல்லை. வாளியை வெச்சுக்கிட்டு கட்டில் மேல ஏறித் தாண்டணும். ஆனா ஆரம்பத்துல இருந்தே அப்படித்தான் தைக்கிறாங்கலா. பாஸ் மாத்த விட மாட்டாரு. கேட்டா, டிசைன்ல கை வைக்காதேம்பாரு."

அவருக்கே தெரியாது. அலமாரியைப் பார்த்தது நான், யோசித்தது நான். அவர் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு போனார். இத்தனை வருடமாக எத்தனையோ ஆட்கள், இல்லாத ஓர் அலமாரிக்குப் பயந்து கட்டில் ஏறிக்கொண்டிருக்கிறார்கள்.

விருந்து முடியும் நேரத்தில் அவர் என் மேசைக்கு வந்தார். தலை முழுக்க நரை. என் தோளில் கை வைத்து, "சாப்பிட்டீங்களா அண்ணே?" என்றார். மகள் எழுந்து நின்றுவிட்டாள். நான் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தேன். "சாப்பிட்டேன்" என்றேன். அன்றைக்கும் அவ்வளவுதான் சொன்னேன். அதற்காக இன்று வரை என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அதனால் இங்கே எழுதிக் கேட்கிறேன். அந்தப் புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். அந்தப் படத்துக்குக் கீழே ஒரு வரி போட வேண்டும்: இந்தப் பையையும் பம்பு வேலையையும் யோசித்துச் செய்தவர் இன்னார், தோட்டத்தில் பிறந்தவர், மூன்றாம் வகுப்பு வரை படித்தவர்; தைத்தது அவர் மனைவி. பெயரை நான் இங்கே எழுதவில்லை. அவருக்கு நன்றாகத் தெரியும்.

போட மாட்டேன் என்றால் அவரிடம் யாராவது ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். குழாய் ஏன் இடது பக்கம்? இதைப் படித்துச் சொல்லும் பதில் கணக்கில் வராது; அன்றைய நோட்டில் அந்தக் காரணத்தை எழுதியிருப்பதாகக் காட்டிவிட்டால் எல்லாம் அவருடையதாகவே இருக்கட்டும். காட்ட முடியவில்லை என்றால், என் பெயரைப் போடச் சொல்லுங்கள்.